துடைத்த டிப்ஸ்டிக்

பாலிஷ் அண்ணனைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் கார் வாங்கியவர்கள். வாங்காதவர்களைக் கேட்டால் தங்கமான மனிதர் என்பார்கள். நான் வாங்கவில்லை. ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

அவர் பழைய கார் விற்கும் யார்டுக்கும் என்னுடைய டயர் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அதில் துருப்பிடித்த ஓட்டைகள் இருப்பதால் பார்க்கவும் முடியும். தகரம் என்பதால் கேட்கவும் முடியும். ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பஞ்சர் ஒட்டும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது.

பாலிஷ் என்பது தெரு வைத்த பெயர். எந்த வண்டி வந்து சேர்ந்தாலும் அன்றைக்கே மெழுகு தேய்த்து, டயருக்குக் கறுப்பு பூசி, உள்ளே வாசனை அட்டை தொங்கவிடுவார். விற்றவரே மறுநாள் அந்தப் பக்கம் வந்தால், “இந்த வண்டி என்ன விலைங்க?” என்று கேட்டுவிடுவார், அப்படி ஒரு பளபளப்பு. தன்னையும் அதே மாதிரிதான் வைத்திருந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கலாம் போன்ற ஷூ, பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. என்ஜினோடு மாரடிக்கிற தொழிலில் வெள்ளைச் சட்டை போடும் துணிச்சல் எங்கள் தெருவில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. காரணம், ஆள் பார்க்க அவர் என்ஜினில் கை வைத்ததே இல்லை. டிப்ஸ்டிக்கை இழுப்பதோடு சரி.

அந்த இழுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிப்ஸ்டிக் என்பது என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் மெல்லிய கம்பி. இழுத்து, துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்தால், கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். சமையலறையில் எண்ணெய் டப்பாவைச் சாய்த்துப் பார்ப்பதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் இதில் கிடையாது. ஆனால் பாலிஷ் அண்ணன் செய்தால், ஆபரேஷன் நடப்பதுபோலச் சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சட்டைக் கையை மடிப்பார். கைக்குட்டையை உதறுவார். கம்பியை மெல்ல மெல்ல உருவி, வெயிலில் சாய்த்துப் பிடிப்பார்.

“பாருங்க சார். தேன் மாதிரி இருக்கா, இல்லையா?”

“ஆமாங்க. தேன் மாதிரிதான் இருக்கு.”

“தொட்டுப் பாருங்க, பரவாயில்ல. உங்க வண்டி.”

வந்தவர் தொடுவார். இரண்டு விரலையும் தேய்த்துப் பார்ப்பார். என்ன தெரிந்ததோ, தலையை ஆட்டுவார். ஒன்றும் புரியவில்லை என்று மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

ஆயில் தேன் மாதிரி இருந்ததில் அதிசயமில்லை. அன்று காலையில்தான் ஊற்றியது.

ஓடின என்ஜினில் ஆயில் கறுத்துத்தான் போகும். உழைக்கிறவன் சட்டையில் அழுக்குப் படிவது மாதிரி. அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. என்ஜினைச் சூடேறாமல் காக்கும் கூலண்ட் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டால், ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் இறங்கியிருந்தால் ஆயில் நீர்த்துப்போய் அதன் வாசனை மூக்கில் ஏறும். வெயிலில் சாய்க்கும்போது மினுமினுவென்று தூள் தெரிந்தால், என்ஜின் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாம் பாலிஷ் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவனால் இவ்வளவு சுத்தமாக மறைக்க முடியாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். தூள் மினுங்கினால், “உசத்தியான ஆயில் சார், அதுக்குன்னு ஒரு மினுப்பு உண்டு.” பெட்ரோல் வாசனை வந்தால், “டேங்க் ஃபுல் பண்ணி வச்சிருக்கேன், அதான்.” ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால், “காலைப் பனி சார்.” இந்தக் கடைசி பதில் முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. குளிர் நாட்களில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார்களில் மூடிக்கு அடியில் ஈரம் படிந்து வெள்ளையாவது உண்டு. நன்றாக ஒரு ஓட்டம் ஓட்டினால் சரியாகிவிடும். பாலிஷ் அண்ணனின் தனிச்சிறப்பே அதுதான். அவர் சொன்ன பொய்களில் பாதி, வேறு ஏதோ ஒரு காருக்கு உண்மை.

புது ஆயில் ஊற்ற நேரமில்லாமல் திடீரென்று ஆள் வந்துவிட்டால், டிப்ஸ்டிக்கை உருவுவார், அழுந்தத் துடைப்பார், துடைத்த கம்பியை அப்படியே நீட்டுவார். “பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?” இருக்காது. துடைத்த தட்டைக் காட்டி எப்படிச் சமைத்திருக்கிறேன் பார் என்று கேட்பது மாதிரி. அதற்கும் தலையாட்டியவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். இடது, இடது, இடது, யார்டு. அதற்கு மேல் போனால் ட்ராஃபிக் என்பார். அதற்கு மேல் போனால் என்ஜின் சூடேறும் என்பது என் மொழிபெயர்ப்பு.

முதலில் அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். மெத்தையின் மேல் படுத்துக் காட்டுவதுதான் வேலை. ஒருநாள் படுத்துக் காட்டும்போதே அசந்து தூங்கிவிட்டார். அவர் குறட்டையைக் கேட்டே இரண்டு குடும்பங்கள் அந்த மெத்தையை வாங்கிக்கொண்டு போயின. உட்கார்ந்து பேசியே விற்கலாம், படுத்தும் விற்கலாம் என்று தெரிந்த பிறகு, நின்று விற்கிற தொழிலுக்கு வந்தார்.

மனைவி கிடைத்ததும் மெத்தைக் காலத்தில்தான். எங்கள் தெருக்கோடியில் சலவைக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது போகாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கொஞ்சம் முயற்சி பண்ணித்தான் பாருங்களேன்.”

“முயற்சி பண்ணினா துணிதான் போகும். கறை அப்படியே இருக்கும்.”

ஒருவர் தன்னிடம் எதையும் விற்கப் பார்க்காமல் பேசுவதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார் போலிருக்கிறது. ஆள் விழுந்துவிட்டார். அதன்பின் வாரத்துக்கு ஒரு சட்டையில் வேண்டுமென்றே எதையாவது கொட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. திருமணம் ஆனது. ஒரு மகள் பிறந்தாள். வெள்ளைச் சட்டைகள் வெள்ளையாகவே இருந்ததற்கு அக்காதான் காரணம் என்பதை அவர் விளம்பரத்தில் சேர்க்கவில்லை.

வீட்டிலும் அவர் யார்டுப் பேச்சை நிறுத்தியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் போனில் யாருக்காவது ஒரு காரை வர்ணித்துக்கொண்டிருப்பார். “அப்பா, சாப்பாட்டு மேசைல டெஸ்ட் டிரைவ் வேணாம்” என்று கல்லூரிக்குப் போகும் மகள் சொல்வாள். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

ஒரு வெள்ளி நிறக் கார் யார்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம். அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவினார். சுற்றிலும் ஆள் இல்லாததால் உண்மையாகவே பார்த்தார். பால் விட்ட டீ. கூலண்ட் ஊற்றும் டப்பாவில் தண்ணீர் பாதிக்குக் கீழே. ஆயிலோ மேல்கோட்டையும் தாண்டி நின்றது. குறைந்தது எங்கே போயிற்று என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை.

“என்ன அண்ணே, ஊத்தாமலே ஆயில் ஏறுது?” என்று தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“சிக்கனமான வண்டி, டயர்காரரே” என்றார்.

ஆயிலை மாற்றினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூடியைச் சுரண்டினார். மெழுகு தேய்த்தார். பிறகு போனை எடுத்தார். அந்தக் காரைப் பற்றி அவர் பேசிய பேச்சைக் கேட்டால், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அத்தை பேசுவது மாதிரி இருக்கும். ஒரே ஓனர். அதிராமல் ஓட்டியது. பெட்ரோல் குடிக்கிறதா என்றே தெரியாது. ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அவரும் விடவில்லை, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் காரின் புகழ் ஒரு படி ஏறிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்து, அக்காவின் கடைத் துணிகளை விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன்காரர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். தேவைப்பட்டது ஒரு கார்.

அன்று யார்டில் ஒரு நர்ஸும் அவர் கணவரும் வெள்ளிக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவருக்குப் பிடித்துவிட்டது. நர்ஸ்தான் தயங்கினார். அண்ணன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். இந்த வண்டிய விக்கவே எனக்கு மனசில்ல. என் பொண்டாட்டிக்கே குடுத்துடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். அவ்வளவு நம்பிக்கை இந்த வண்டி மேல.”

“அப்ப குடுங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் சலவைக் கடை மஞ்சள் பை.

அண்ணனின் முகத்தை நான் தகர ஓட்டை வழியாகப் பார்த்தேன். பேயறைந்தது மாதிரி என்று சொல்வார்களே, பேய்க்கே பாவமாக இருந்திருக்கும்.

“நீ… நீ எங்க இங்க?”

“கார் கேக்கத்தான் வந்தேன். தினமும் இந்த வண்டியப் பத்தித்தானே சொல்றீங்க. எனக்குக் குடுக்கணும்னு மனசுல வச்சிருக்கீங்கன்னு இப்பத்தானே தெரியுது.”

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “குடுங்க சார். நாங்க வேற பாத்துக்கிறோம். அவங்களே எடுத்துக்கட்டும்.” கணவரைப் பார்த்து, “பாத்தீங்களா?” என்று வேறு கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணனுக்கு இரண்டு வழி இருந்தது. வண்டி சரியில்லை என்று சொல்லலாம். சொன்னால் நர்ஸின் முன்னால் மானம் போகும். சொல்லாமல் இருக்கலாம்; இருந்தால் மனைவி அந்தக் காரில் போவாள். நல்ல வியாபாரி என்பதால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் நஷ்டத்தை முதலில் தவிர்த்தார். சாவியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை எழுதினால் கல்லும் சிரிக்கும். காலையில் அக்கா எழுவதற்கு முன்னால் எழுந்து காரின் பானட்டைத் திறப்பார். டிப்ஸ்டிக்கை உருவுவார், துடைப்பார், செருகுவார், மறுபடி உருவுவார். முறைப்படி, எந்தப் புத்தகத்திலும் குறை சொல்ல முடியாதபடி. வாழ்க்கையில் ஒரு டிப்ஸ்டிக்கைத் தினமும் அவர் யோக்கியமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆயில் வெளுக்கத் தொடங்கினால் வடித்துப் புதிது ஊற்றுவார். கூலண்ட் குறைந்திருந்தால் நிரப்புவார். ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டம் என்பதால் வண்டியும் முனகிக்கொண்டே ஓடியது.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் செருப்பு பிஞ்சிருக்கான்னுகூடப் பாக்காத மனுஷன். இப்ப தினமும் என் வண்டியப் பாத்துட்டுத்தான் பல்லே தேய்க்கிறாரு” என்று என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. தெருவில் நான்கைந்து வீடுகளில் அந்த மாதம் பாலிஷ் அண்ணனை உதாரணம் காட்டிப் புருஷன்மாருக்கு அர்ச்சனை நடந்தது.

ஒருநாள் அக்கா, மலை மேல் இருக்கும் விடுதிக்குத் திரைச்சீலைகள் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்.

“மலைக்கெல்லாம் எதுக்கு? நான் ஒரு வேன் பிடிச்சுத் தர்றேன்.”

“நம்ம வண்டி இருக்கே.”

“ரோடு சரியில்லைன்னாங்க.”

“போன மாசம்தான் புதுசா போட்டாங்க.”

“மழை வர்ற மாதிரி இருக்கு.”

அக்கா ஜன்னலைத் திறந்து காட்டினார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரும் கூடப் போனார். டிக்கியில் தண்ணீர் கேன்களை அடுக்கியதைப் பார்த்து, “பிக்னிக்கா அண்ணே?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் போன ஒரே கேள்வி அது.

மலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அண்ணன் சொன்னதில் புயலும் ஒரு காட்டு மிருகமும் வந்தன. ஆகவே அக்கா சொன்னதை எழுதுகிறேன்.

பாதி மலை ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டி இழுக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. அதில் ஏதோ இனிப்பைத் தீய்த்த மாதிரி ஒரு வாசனை. ஓரமாக நிறுத்தினார்கள். அண்ணன் இறங்கி பானட்டைத் திறந்துவிட்டு, “ஒண்ணுமில்ல, வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குது” என்றார்.

“அந்தக் கம்பிய எடுத்துக் காட்டுங்க. தினமும் பாப்பீங்களே, அது.”

அவர் எடுத்தார். பழக்க தோஷம், கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தார். துடைத்ததை நீட்டினார். “பாரு. சுத்தமா இருக்கு.”

“கம்பி சுத்தமாத்தான் இருக்கும், துடைச்சிட்டீங்களே. திரும்ப உள்ள விட்டு எடுங்க. துடைக்காம குடுங்க.”

விட்டு எடுத்தார். நுனியிலிருந்து மேல்கோடு தாண்டி, பால் விட்ட டீ. அதில் சின்னச் சின்னக் குமிழ்கள். அக்கா விரலில் எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு அண்ணனின் கைக்குட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார்.

“கொஞ்ச நாளா உங்க கைக்குட்டை எல்லாத்துலயும் இதே கறைதான். டீயக் கொட்டிக்கிறீங்கன்னு நினைச்சேன். டீன்னா போயிருக்கும், இது போகல. எண்ணெய்ல தண்ணி கலந்திருக்கு. என்ன இது?”

“காலைப் பனி…”

அக்கா நிமிர்ந்து உச்சி வெயிலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“எப்பலேருந்து?”

“வாங்கும்போதே.”

“தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா?”

“நீ கேட்டுட்டே…”

“நான் வரலைன்னா அந்த சிஸ்டருக்குக் குடுத்திருப்பீங்க.”

சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். அக்கா சத்தம் போடவில்லை. மேலே போன ஒரு காய்கறி வேனை நிறுத்தினார். திரைச்சீலை மூட்டைகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். அண்ணன் உதவிக்கு வந்தபோது, “உங்க கை எண்ணெய்” என்று தள்ளி நிற்கச் சொன்னார். வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “உங்க வண்டிய நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் முழுக்க அண்ணன் மலைச்சாலை ஓரத்தில் அந்தக் காரோடு நின்றார். போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாம் நல்ல மனதோடு நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். முதல் ஆளிடம் இயற்கைக் காட்சி பார்க்க நிறுத்தினேன் என்றார். அவர் நின்ற இடத்துக்கு எதிரே வெறும் பாறை. கடைசியில் இழுவை வண்டி வந்தது. அதன் டிரைவர் பானட்டுக்குள் குனிந்து, டிப்ஸ்டிக்கை ஒரே இழுப்பில் உருவிப் பார்த்தவர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“சார், நல்லா தலைல கட்டியிருக்கான் சார் எவனோ! இத எல்லாம் பாக்காம வாங்குவீங்களா? யார்கிட்ட வாங்கினீங்க?”

“தெரிஞ்சவர்தான்” என்றார் அண்ணன்.

“தெரிஞ்சவனேதான் சார் இப்படிப் பண்ணுவான். அவன் யார்டு எங்கன்னு சொல்லுங்க, போற வழில நிறுத்திக் கேட்டுட்டே போவோம்.”

யார்டு வாசலில் வண்டியை இறக்கும்போது, மேலே மாட்டியிருந்த பெரிய பலகையில் அண்ணனின் புகைப்படம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. டிரைவர் பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சங்கிலியைச் சுருட்டினார். நல்ல மனிதர்.

வீட்டில் அக்கா சொன்னது ஒரே வாக்கியம். “அந்த சிஸ்டருக்கு போன் போட்டு விஷயத்தச் சொல்லுங்க.” வாங்காதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் போட்டார். சொன்னார். நர்ஸ், “உங்க மனைவி நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று முழுக்க அந்தக் கேள்வி அண்ணனைக் குடைந்துகொண்டே இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சும் கேட்கவில்லை, எனக்கே போரடித்துவிட்டது.

வெள்ளிக் காரின் என்ஜினைப் பிரித்தார்கள். தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு எரிந்து, என்ஜினின் மேல்பாகமும் வளைந்திருந்தது. முறையாகச் சரி செய்ய வைத்தார் அக்கா. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவைக் கடையைப் பூட்டிவிட்டு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு யார்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“என்ன இது?” என்றார் அண்ணன்.

“கறை இல்லாத துணி என் கடைக்கு வர்றதில்ல. வாங்கி வைக்கும்போதே இன்ன கறை, போகும், போகாதுன்னு சொல்லிடறேன். அதையே இங்கயும் சொல்லப்போறேன்.”

சொன்னார். அண்ணன் தேன் என்று தொடங்குவதற்குள், “அது இன்னைக்குக் காலைல ஊத்தினதுங்க. ஒரு சுத்து நல்லா ஓட்டிட்டு வந்து பாருங்க” என்பார். மூடியைக் கழற்றிக் காட்டுவார். கூலண்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வார். அந்த மாதத்து ஞாயிறுகளில் வந்தவர்கள் எல்லாம் பிடரியில் கால் பட ஓடினார்கள். அண்ணன் என் கடைக்கு வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, “முடிச்சிட்டா, டயர்காரரே. என் பொழப்ப முடிச்சிட்டா” என்பார். வெள்ளைச் சட்டையில் டயர்க் கறுப்பு ஒட்டியது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். ஒரு பழைய நீலக் காரைக் காட்டி, ஆயில் குடிக்கும், புகை விடும், வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொண்டால் ஓடும் என்று அக்கா சொன்னார். அவர் விலையைப் பேசிக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்ற பிறகு வாசலைப் பார்ப்பது அவர் வழக்கம். சண்டைக்கு எந்தத் திசையில் வருவார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா. கண்டக்டர் திரும்பி வரவே இல்லை. ஒருநாள் அந்த நீலக் கார் புகைவிட்டுக்கொண்டே யார்டைக் கடந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

“புகை வருது. ஆனா ஆள் சண்டைக்கு வரல” என்று அண்ணன் என்னிடம் வந்து சொன்னார். புது கிரகத்தைக் கண்டுபிடித்தவர் முகம் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. மாறிவிட்டார் என்றுதான் சொல்கிறேன். இதுவரை குறையை மறைத்து விற்றவருக்கு, குறையைச் சொன்னால் ஆட்கள் நம்புகிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று. தெரிந்த வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவரா அவர்? அதே கைக்குட்டை உதறல், அதே மெல்லிய உருவல். வசனம் மட்டும் வேறு. குரலைத் தாழ்த்தி, “சார், மறைக்க விரும்பல. இந்த வண்டில ஒரு குறை இருக்கு” என்பார். வந்தவருக்குப் புல்லரிக்கும். ஆளை நம்பிவிடுவார். வண்டியையும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. குறையே இல்லாத ஒரு கார் யார்டுக்கு வந்துவிட்டது. சின்ன சிவப்புக் கார். ஆயில் அளவாக, முறையாகக் கறுத்து இருந்தது. கூலண்ட் தெளிவு. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதைச் சொல்லி விற்பது?

ஒரு தையல்காரர் அதைப் பார்க்க வந்தார். அக்கா தன் கடையில் இருந்தார். அன்று ஞாயிறு இல்லை. அண்ணன் பெருமூச்சு விட்டார்.

“மறைக்க விரும்பல சார். லேசா தண்ணி ஆயில்ல இறங்குது.”

தையல்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். தெருக்கோடியில் அக்கா அவரைப் பார்த்து, “என்னங்க, சிவப்பு வண்டி பிடிக்கலையா?” என்று கேட்டிருக்கிறார். அவர் காரணத்தைச் சொன்னதும் அக்கா நனைந்த கையோடு யார்டுக்குள் வந்தார்.

“அந்த வண்டில என்ன தண்ணி இறங்குது?”

“நீதானே உண்மையச் சொல்லச் சொன்னே?”

“இல்லாத உண்மைய யாரு சொல்லச் சொன்னா?”

“ஒரு நம்பிக்கை வரட்டும்னு…”

அக்கா தலையில் அடித்துக்கொண்டு தையல்காரரைத் தேடிப் போனார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அவர் தையல் மெஷினுக்கு எதிரிலேயே நின்று சொன்னார். ஒரு காரை நல்ல கார் என்று சொல்வதற்காக வீடு தேடி வருகிறவரை யார் நம்புவார்கள்? தையல்காரர் யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு யார்டுக்கு வந்தார். மெக்கானிக் சாவகாசமாகப் பார்த்தார். டிப்ஸ்டிக்கை முறைப்படி உருவி, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அது பரவும்வரை காத்திருந்து பார்த்தார். மூடிக்கு அடியில் விரலை விட்டார். மலைப்பக்கம் வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி சுத்தமா இருக்கு” என்றார்.

தையல்காரர் பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார். காரில் ஏறுவதற்கு முன்னால் பாலிஷ் அண்ணனின் பக்கம் திரும்பினார். தெருவே கேட்கிற மாதிரி, “இவ்வளவு வயசாச்சு, இப்படி வாய்கூசாம பொய் சொல்றீங்களே அண்ணே!” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எத்தனை கார்கள், எத்தனை தேன், எத்தனை காலைப் பனி. சண்டைக்கு வந்தவர்கள்கூடப் பணத்தைத்தான் கேட்டார்கள். அத்தனை வருடத்தில் அவரை நேருக்கு நேர் பொய் சொல்கிறாய் என்று கேட்ட முதல் ஆள் அந்தத் தையல்காரர்தான். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக என் கடைக்கு வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

“என்னப் போய் அப்படிச் சொல்லிட்டான் பாத்தீங்களா, டயர்காரரே?” என்றார். “என்னப் போய்!”